ஒரு கோடு தள்ளி

வாயில குண்டூசி இருக்கறப்பதான் அவளுக்குப் பேச்சே வரும். பல்லுக்கு நடுவுல ஊசிங்களைக் கவ்விக்கிட்டு, "அந்த மூலையைப் பிடிங்கக்கா"ம்பா. பிடிப்பேன். "இழுக்காதீங்க, பிடிங்கன்னுதான் சொன்னேன்." விட்டுடுவேன். "விடவும் சொல்லலியே." துணி குறுக்கால மடிஞ்சு முக்கோணமா கட்டில் மேல கிடக்கும். மடிப்பு மேல இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டிட்டு கத்திரியை எடுப்பா. கடை மணம் கூடப் போகாத புதுத் துணி, மூலைக்கு மூலை வெட்டுப்பட்டு ரெண்டா விழும். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்குவேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

இவ என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வாடகை வீடு, ஒரே அடுப்பு, ரெண்டு மருமக, ஒரு மாமியார். இவ தொழில் கிராஸ் பட்டி போடறது. தெரியாதவங்க உங்க சட்டைக் கழுத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பிசிறு வெளிய தெரியாம ஒரு மெல்லிசான பட்டி ஓரத்தைக் கவ்விக்கிட்டுச் சுத்திப் போகும். அதுதான். அந்தப் பட்டியை நேரா வெட்டுனா வளைவுல உக்காராது, சுருங்கிக்கிட்டு நிக்கும். குறுக்க வெட்டுனாத்தான் இழுத்த இழுப்புக்கு வரும்.

கடையில அது ரெடிமேடா சுருள் சுருளா விக்குது. "அப்புறம் நீ ஏண்டி மெனக்கெடறே?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "கடைப் பட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அட்டை. ஒரு தண்ணியில சுருங்கிடும். சட்டை பாட்டுக்கு இருக்கும், கழுத்து மட்டும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு இருக்கும்"னா. சொல்லிட்டு என் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தா. மறுநாள் துவைக்கப் போட்ட சட்டை எனக்குத் திரும்பி வர்றப்ப கழுத்துப் பட்டி மாறியிருந்துச்சு.

மாமியார் அவளுக்கு வச்ச பேரு கோணக்கத்திரி. "நேரா வெட்டத் தெரியாதவளுக்கு ஒரு தொழிலு, அதுக்கு ஒரு கத்திரி"ன்னு வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லுவாங்க. குறுக்க வெட்டுனா மூலையில கொஞ்சம் துணி வீணாகும், அது அவங்களுக்கு ஆகாது. இவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கவும் மாட்டா, பதிலை முழுங்கவும் மாட்டா. "நேரா வெட்டத்தான் ஊரே இருக்கே அத்தை. நான் ஒருத்தி குறுக்க வெட்டிட்டுப் போறேன்."

கோடு போட அவளுக்கு சாக்பீஸ் ஆகாது. குளிக்கற சோப்பு தேய்ஞ்சு, கையில நிக்காத அளவுக்கு மெலிஞ்சு போகுமே, அந்த வில்லைதான் வேணும். ஓரம் கூரா இருக்கும், கோடு முடி மாதிரி விழும், தண்ணியில போட்டா தடம் தெரியாமப் போயிடும். எங்க வீட்டுல எந்தச் சோப்பும் முழுசாத் தேய்ஞ்சு செத்ததில்ல. முக்காவாசி வாழ்ந்துட்டு காணாமப் போயிடும். என் வீட்டுக்காரர் தலையில தண்ணியை ஊத்திக்கிட்டு உள்ள இருந்து கத்துவார்: "சோப்பு எங்கடி?" "வேலைக்குப் போயிருக்கு"ன்னு நான் வெளிய இருந்து சொல்லுவேன்.

பட்டியை மடிக்கறதுக்குன்னே ஒரு கருவி விக்குதாம். இவகிட்ட இருக்கறது ஒரு கோணி ஊசி. கட்டில் மேல விரிச்ச கம்பளியில அதைக் குத்தி வெளிய எடுத்து, கொஞ்சூண்டு இடம் விட்டு மறுபடி குத்திடுவா. அந்த ஊசிக்கு அடியில பட்டி நுனியை நுழைச்சு இழுத்தா, ரெண்டு ஓரமும் தானா உள்ள மடிஞ்சு வரும். பின்னாலயே இஸ்திரிப் பெட்டி போகும். ஒரு கை இழுக்கும், ஒரு கை தேய்க்கும், வாய் மாமியாருக்குப் பதில் சொல்லும்.

அந்தத் தெருவுல தைக்கறவங்க பாதிப் பேரு இவகிட்டதான் பட்டி வாங்கறாங்க. முனையில இருக்கற தையக்கடைக்காரர் வந்தாருன்னா எனக்கு நல்லாப் பொழுது போகும். "கொஞ்சம் ஒல்லியா வெட்டேம்மா, நீளம் கூட வரும்ல?"ம்பார். "ஒல்லியா வெட்டித் தர்றேன். உங்க ஆள் தைக்கறப்ப ஓரம் தப்பும். அப்புறம் பட்டி சரியில்லன்னு இங்க வந்து நிப்பீங்க. எதுக்குண்ணே, ரெண்டு பேருக்கும் நடை மிச்சம், இதையே எடுத்துட்டுப் போங்க." அவரும் முணுமுணுத்துக்கிட்டே எடுத்துட்டுப் போவார்.

கட்டில்னு சொன்னேன்ல, அது அவ புருஷனும் அவளும் படுத்த கட்டில். என் கொழுந்தன் ஒரு நாள் விடிஞ்சு பார்த்தா ஆள் இல்ல. செருப்பு இல்ல, ரெண்டு சட்டை இல்ல, போன் சார்ஜர் இல்ல. சார்ஜரைக் காணோம்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது காத்தாட நடந்துட்டு வர்ற கேஸ் இல்லன்னு. கொஞ்ச நாள் கழிச்சு அவங்க அம்மாவுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. நல்லா இருக்கேன், தேட வேணாம், ஒரு ஃபிரண்டோட தொழில் பண்றேன், செட் ஆனதும் வர்றேன்னு. பொண்டாட்டிக்கு ஒரு வரி இல்ல. கடன் இல்ல, சண்டை இல்ல, வேற பொம்பளையும் இல்லன்னுதான் பேச்சு. போகணும்னு தோணிச்சு, போயிட்டான்.

ரொம்ப நாள் அவ அந்தக் கட்டில்ல ஓரமாத்தான் படுத்தா, பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி இடம் விட்டு. நானே பார்த்திருக்கேன். அப்புறம் ஒரு காலையில மெத்தையைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, மூலையில நிறுத்திட்டா. பலகை மேல கம்பளியை விரிச்சு, ஜன்னல் வெளிச்சம் விழற பக்கமா கட்டிலைத் தள்ளினா. "என்னடி இது?"ன்னேன். "தரையில உக்காந்து வெட்டி இடுப்பு போச்சுக்கா." அவ்வளவுதான் சொன்னா. அன்னையில இருந்து கட்டில் மேல துணி, கட்டிலுக்குக் கீழ அவ. வாடகையில தம்பி பங்கை அன்னையில இருந்து அவதான் குடுக்கறா. யாரும் கேக்கல, அவளா குடுக்கறா.

அவ வேலையில ஒரு இடம் எனக்குப் புரியவே ரொம்ப நாளாச்சு. துண்டு துண்டா வெட்டி ஒட்டுனா ஒவ்வொரு ஒட்டும் தடிச்சு நிக்கும். அதனால அவ ரெண்டா வெட்டின துணியை வேற ஓரத்துல சேர்த்து, சாய்வா கோடு போட்டு, ஒரு குழாய் மாதிரி தைச்சுடுவா. அப்புறம் ஆப்பிள் தோல் சீவற மாதிரி சுத்திச் சுத்தி வெட்டிக்கிட்டே போவா, ஒட்டே தெரியாம ஒரே நீளமா வரும். ஆனா ஒரு விஷயம், குழாய் தைக்கறப்ப ரெண்டு ஓரத்தையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஒரு கோடு தள்ளித்தான் வைக்கணும். இந்தப் பக்கம் ஒரு நாக்கு நீட்டிக்கிட்டு நிக்கும், அந்தப் பக்கம் ஒரு நாக்கு. பார்க்க அசல் தப்பு மாதிரியே இருக்கும். நேரா வச்சுத் தச்சா வெட்டு கிளம்பின இடத்துக்கே வந்து முடிஞ்சுடும். பட்டி வராது, தனித்தனி வளையமா விழும். இதெல்லாம் தெரிஞ்சும் எனக்குக் கை துறுதுறுங்கும், இழுத்து நேர் பண்ண. "தொட்டீங்க, கை இருக்காது"ம்பா.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கறப்ப கொழுந்தன் திரும்பி வந்தான். கடைக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி செருப்பைக் கழட்டிட்டு, "அண்ணி, டீ இருக்கா?"ன்னான். தொழில் என்னாச்சுன்னா, "அது செட் ஆகல"ன்னான். மாமியார் அழுது, சிரிச்சு, என்னைத் திட்டி, அவனுக்கு டீ போட வச்சாங்க. இவ ரூம்ல இருந்து எட்டிப் பார்த்தா. வாயில ஊசி. எடுக்காமலே, "வாங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. மெஷின் சத்தம் மறுபடி கேட்டுச்சு.

அவனை வெறுக்கறது கஷ்டம், அதையும் சொல்லணும். வந்த மறுநாளே ஒழுகற குழாயைச் சரி பண்ணினான். ஆடற நாற்காலிக்கு ஆணி அடிச்சான். என் சமையல் அலமாரியை எல்லாம் உயர வரிசையில அடுக்கி வச்சான், எனக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரிங்க எல்லாம் "பாவம், எப்படி மாறிட்டாரு பாருங்க"ன்னாங்க. மாமியாருக்குத் தலைகால் புரியல. புள்ளை ஹால்ல படுக்கறது மட்டும்தான் அவங்களுக்கு உறுத்தல்.

"எத்தனை நாளைக்குடி அவன் ஹால்ல கிடப்பான்? கட்டிலைக் காலி பண்ணு."

"ஹால்ல ஃபேன் நல்லா ஓடுது அத்தை."

"மெஷினைத் தூக்கிப் பின்னாடி நடையில போட்டுக்க. யார் வேணாம்னா?"

"நடையில வெளிச்சம் இல்ல. துவைக்கற ஈரம் வேற. துணியில பூசணம் பூத்துடும்."

"அப்ப துணி பெருசா, புருஷன் பெருசா?"

"துணி என்னை விட்டுட்டு எங்கயும் போகல."

என் வீட்டுக்காரர் நடுவுல பூந்தார். தெருவுல புதுசாத் திறக்கற பேக்கரிக்கு இவ ஏப்ரன் தைக்க ஒத்துக்கிட்டிருந்தா. சுத்திலும் பட்டி வச்சு, அந்தப் பட்டியே கழுத்துக் கயிறாவும் இடுப்புக் கயிறாவும் நீண்டு போகணும், நடுவுல ஒட்டு இருந்தா கழுத்தை அறுக்கும். அதுதான் அவளுக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை. "அந்த ஆர்டர் முடியட்டும்மா. ஞாயித்துக்கிழமை நானே மெஷினைத் தூக்கி வைக்கறேன்"னு தீர்ப்பு சொல்லிட்டார். யாருக்குச் சாதகம்னு நினைச்சாரோ. நான் அவருக்கு அன்னைக்கு டீ தரல.

இவளும் கல்லு இல்ல. ஒரு சாயங்காலம் அவன் ஏதோ சொல்லி, இவ பல்லுல ஊசியோட சிரிச்சதைக் கேட்டேன். அவன் சட்டையை ஒரு நாள் தேய்ச்சுக் குடுத்தா. பேக்கரிக்காரம்மாவைப் பார்க்க அவ கிளம்பின அன்னைக்குக் காலையில ரூமைப் பெருக்கப் போனேன். கட்டில்ல பாதியில இருந்த பட்டிச் சுருளையெல்லாம் எடுத்து ஜன்னல் மேல அடுக்கியிருந்தா. பாதிக் கட்டில் காலியா கிடந்துச்சு. மீதிப் பாதியில, பேக்கரித் துணி கோடு போட்டு, ஒரு கோடு தள்ளி ஊசி குத்தி, தைக்கத் தயாரா இருந்துச்சு. நான் அந்தக் காலிப் பாதியைச் சுத்திப் பெருக்கிட்டு வந்தேன். அவ வாழ்க்கை, அவ கட்டில்.

மத்தியானம் நான் மொட்டை மாடியில துணி எடுக்கப் போனேன். கூடையோட இறங்கி வந்தா, ரூம்ல கொழுந்தன் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கான். மாமியார் அவன் பக்கத்துல டீ டம்ளரோட நிக்கறாங்க, பெருமை தாங்கல. கட்டில் கால் மேல வளையல் அடுக்கற மாதிரி துணி வளையமா அடுக்கியிருந்துச்சு. எல்லாம் ஒரே அகலம், ஒரு பிசகு இல்ல.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"ன்னேன்.

"அவளுக்கு வேலை மிச்சம் அண்ணி. கோணலா குத்தி வச்சிருந்தா. ரெண்டு ஓரமும் பொருந்தவே இல்ல. பிரிச்சு, நேர் பண்ணி, தச்சு, வெட்டியும் வச்சுட்டேன்."

அந்த நேரம் பார்த்து அவ உள்ள வந்தா. செருப்பைக் கழட்டினவ அப்படியே நின்னா. ஒரு வளையத்தை எடுத்தா. கையை உள்ள விட்டு, சுத்திச் சுத்தி நகர்த்திப் பார்த்தா. அவன் சிரிச்ச முகமா இருந்தான்.

"பொருந்தக் கூடாதுன்னுதான் குத்தி வச்சிருந்தேன்"னு சொன்னா. சத்தமே போடல. "இதுல பட்டி வராது. வெட்டி வெட்டி ஒட்டணும். ஒட்டு கழுத்துல உறுத்தும். இந்தத் துணி போச்சு."

அவன் முகம் சுருங்கிப் போச்சு. "அப்படின்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

எனக்குக் கையில கூடை. இல்லேன்னா வாயைப் பொத்தியிருப்பேன். சொல்லிட்டுப் போறதைப் பத்திப் பாடம் எடுக்க எங்க வீட்டுல இவன் ஒருத்தன்தான் பாக்கி. நான் சிரிச்ச சிரிப்புல மாமியார் டீயைச் சிந்திட்டாங்க.

அவ சிரிக்கல. "நீங்க தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னா.

"கட்டின பொண்டாட்டி துணியைத் தொட யாராவது கேப்பாங்களா?"

"ஒத்தாசை பண்ண வந்தவனை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறியேடி!"ன்னு மாமியார்.

"நான் ஒத்தாசை கேட்டேனா அத்தை?"

கேட்டுட்டு போனை எடுத்து, எங்க எல்லார் முன்னாடியும் பேக்கரிக்காரம்மாகிட்ட பேசினா. "துணி கெட்டுப்போச்சுங்க. இல்ல, கடைத் தப்பு இல்ல, என் வீட்டுக்காரர் வெட்டிட்டார். என் செலவுல வாங்கிப் போட்டுத் தர்றேன். சொன்ன நாளுக்கு வந்துடும்." மாமியார் தலையில கை வச்சுக்கிட்டாங்க. "வெளியாளு கிட்ட புருஷன் பேரைக் கெடுக்கறாளே!" இவ போனை வச்சுட்டு, "யார் வெட்டினாங்களோ அவங்க பேரைத்தானே சொல்ல முடியும்?"னு சொல்லிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கிட்டுத் துணி வாங்கக் கிளம்பிட்டா.

அவ புதுத் துணியோட திரும்பி வந்ததும் நான்தான் மூலை பிடிச்சேன். இந்த வாட்டி இழுக்காம, விடாம, ஒழுங்காப் பிடிச்சேன். அவ அதை முழுக் கட்டில்லயும் விரிச்சா. காலிப் பாதி எங்க போச்சுன்னே தெரியல. வளையங்களை எடுத்துக் கதவுக் கொண்டியில மாட்டிட்டா. ஓரத்தை ஓரத்தோட வச்சு, விரலால ஒரு கோடு அளவுக்குத் தள்ளி, ஊசியைக் குத்தினா. கதவுகிட்ட அவன் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். உள்ள வரவா போகவான்னு ஒரு கால் முன்னாடி. "வெளிச்சத்தை மறைக்காதீங்க"ன்னா. நகர்ந்துட்டான். சனிக்கிழமை ஏப்ரன் எல்லாம் பேக்கரிக்குப் போயிடுச்சு. போனதுல ஒண்ணைப் பேக்கரிக்காரம்மா கழுத்துல மாட்டி, கயிறை நுனி வரைக்கும் தடவிப் பார்த்துட்டு, "ஒட்டே இல்லியே"ன்னாங்களாம். இவ வந்து அதை என்கிட்ட சொல்லல. தையக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மாமியார் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. "ஆர்டர் முடிஞ்சுதுல்ல? மெத்தையை விரி." என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு மெஷின் பக்கம் போனார். "தூக்கிப் பாருங்க. அப்புறம் இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு என்னைத் தேய்ச்சு விடச் சொல்லாதீங்க"ன்னேன். கையை மறுபடி இறக்கி விட்டுக்கிட்டார். கொழுந்தன் ஹால்ல இருந்து அவன் பெட்டியைக் கொண்டு வந்து ரூமுக்குள்ள வச்சான். சின்னப் பெட்டி. ஜிப்பு பல்லு போய் வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு, ஒரு சட்டைக் கை வெளிய தொங்கிச்சு.

"நான் மெத்தையை எடுக்கறேன், நீ சிரமப்படாதே"ன்னு அவன் மூலைக்குப் போனான்.

"வேணாம்"னா அவ. கத்தல. நான் சமையல்கட்டுல இருந்திருந்தா எனக்குக் கேட்டே இருக்காது. ஆனா அவன் கை கயிறுல பட்ட இடத்துல நின்னுபோச்சு.

அவ குனிஞ்சு அந்தச் சட்டைக் கையை மடிச்சுப் பெட்டிக்குள்ள தள்ளினா. மூடியை முழங்காலால அமுக்கினா. கதவுக் கொண்டியில இருந்து ஒரு வளையத்தை எடுத்து, ரெண்டு கையாலயும் விரிச்சு, பெட்டியோட ஒரு முனையில மாட்டி இழுத்தா. குறுக்க வெட்டின துணி, இழுத்த இழுப்புக்கு வந்து பெட்டியைக் கவ்விக்கிச்சு. இன்னொண்ணை எடுத்து அந்த முனையில மாட்டினா. நடுவுல ஒண்ணு.

அவ கைப்பிடியைப் பிடிச்சுப் பெட்டியைத் தூக்கினா. ஒரு குலுக்கு குலுக்கினா. எதுவும் வெளிய வரல. ஹாலைத் தாண்டிக் கொண்டு போய், வாசக்கதவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினா.